கோடு ஏன் தப்பாகத் தெரிகிறது? – அடுக்கு வரைபடத்தின் கதை

ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மூன்று சரக்கின் விற்பனையை மாதாமாதம் தனித்தனியாகக் குறித்து வைக்கிறார். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரிசி மாதம் 40 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்ணெயும் அப்படித்தான், மாதம் 20 ஆயிரம். பருப்பு மட்டும் ஒரு மாதம் 30 ஆயிரம், மறுமாதம் 10 ஆயிரம், மறுபடி 30, மறுபடி 10 என்று ஏறி இறங்கியது. கல்லூரியில் படிக்கும் மகன் இந்தக் கணக்கை எக்செல்லில் ஏற்றி, கோட்டு வரைபடம் ஒன்றைப் போட்டு அப்பாவிடம் காட்டுகிறான்.

படத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. அரிசியில் பாதி மட்டுமே விற்ற எண்ணெய் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது! அதுவும் 90, 70, 90, 70 என்று ஏறி இறங்குகிறது. மாதம் மாறினாலும் மாறாமல் விற்ற சரக்கு அது. 10 ஆயிரத்துக்கு விற்ற மாதத்தில்கூடப் பருப்பு 50 என்ற இடத்தில் நிற்கிறது. அட்டவணையில் எண்கள் எல்லாம் சரி. படம் மட்டும் வேறு கதை சொல்கிறது.

அட்டவணையைத் திரும்பிப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? எண்ணெய்தான் கடையிலேயே அதிகம் ஓடுகிறது என்று நினைத்து, கடைக்காரர் பத்து டின் கூடுதலாக வாங்கிப் போடுவார். முதல் முடங்கும். பருப்பின் விற்பனை ஏன் இப்படி ஆடுகிறது என்ற உண்மையான கேள்வியை யாரும் கேட்கவே மாட்டார்கள். வணிகவியல் படிப்பவர்கள் புராஜெக்ட் அறிக்கையில் இப்படி ஒரு படத்தை ஒட்டிவிட்டு, கீழே அதற்குப் பொருத்தமாக நான்கு வரி விளக்கமும் எழுதிவிட்டால் தவறு அச்சிலேயே ஏறிவிடும்.

மென்பொருள் பழுதா? கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதா? இரண்டும் இல்லை. மகன் தேர்ந்தெடுத்தது 'ஸ்டாக்டு லைன்' என்ற வகை. தமிழில் அடுக்குக் கோட்டு வரைபடம் என்று சொல்லலாம். அது ஒவ்வொரு கோட்டையும் தனக்குக் கீழே உள்ள கோட்டின் தலையில் ஏற்றி வைக்கிறது. 40 உடன் 30 ஐக் கூட்டினால் 70. அதனுடன் 20 ஐக் கூட்டினால் 90. படம் பழுதாகவில்லை, கூட்டல் போடுகிறது. அது கூட்டுகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் எக்செல்லோடு பிறந்ததல்ல. இதற்கு இருநூறு ஆண்டுக்கும் மேலான முன்கதை இருக்கிறது.

தங்கக் காசுக் குவியல்

கோட்டு வரைபடத்தை வணிகக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பிளேஃபேர். 1759 இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகவும் உதவியாளராகவும் வேலை பார்த்தவர். 1786 இல் அவர் வெளியிட்ட 'வணிக, அரசியல் வரைபடத் தொகுப்பு' என்ற நூலில் 44 வரைபடங்கள் இருந்தன. அவற்றில் 43 கோட்டு வரைபடங்கள். மீதி ஒன்று மட்டும் பட்டை வரைபடம். ஸ்காட்லாந்தின் வர்த்தகத்துக்கு ஓராண்டுக் கணக்கு மட்டுமே அவர் கையில் இருந்ததால், காலத்தோடு நகரும் கோடு போட வழியில்லாமல் பட்டை வரைந்தார். இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் பட்டை வரைபடம் தரவு இல்லாத குறையால் பிறந்தது என்பது வேடிக்கையான செய்தி!

அந்தக் காலத்தில் எண்களைப் படமாகப் பார்க்க யாருக்கும் பழக்கம் இல்லை. ஏற்றுமதி எத்தனை பவுண்டு என்பதற்கும் தாளில் ஒரு கோடு எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்பார். அதற்குப் பிளேஃபேர் எளிமையான விளக்கம் ஒன்றைத் தந்தார். ஒரு வியாபாரி தினமும் மாலையில் அன்றைய வரவு முழுவதையும் கினி என்ற தங்கக் காசுகளாக்கி ஒரே குவியலாக அடுக்கி வைப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு நாளுக்கு ஒரு குவியல். குவியலின் உயரம்தான் அன்றைய வரவு. அந்தக் குவியல்களின் உச்சிகளை வரிசையாக இணைத்துக்கொண்டே போனால் கிடைப்பதுதான் கோடு.

இந்த விளக்கத்தில் சொல்லாமல் சொன்ன விதி ஒன்று இருக்கிறது. எல்லாக் குவியலும் மேசையின் மேல் நிற்கின்றன. ஒரு குவியலின் மேல் இன்னொரு குவியல் நிற்பதில்லை. அதனால் கோட்டின் உயரத்தை அடியிலிருந்து அளந்தால் அதன் மதிப்பு நேராகக் கிடைத்துவிடும். கோட்டு வரைபடத்தைப் பார்க்கும் எவரும் இன்றுவரை இந்த நம்பிக்கையோடுதான் பார்க்கிறார்கள். அடுக்குக் கோட்டு வரைபடம் செய்வது என்ன? அரிசிக் குவியலின் தலையில் பருப்புக் குவியலை வைத்து, அதன் தலையில் எண்ணெய்க் குவியலை வைத்து, பிறகு உச்சியை மட்டும் காட்டி "இதுதான் எண்ணெய்" என்கிறது.

பிளேஃபேரும் இரண்டு கோடுகளை ஒரே படத்தில் போட்டார். இங்கிலாந்துக்கும் டென்மார்க், நார்வே நாடுகளுக்கும் இடையே 1700 முதல் 1780 வரை நடந்த வர்த்தகத்தைக் காட்டும் படம் அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. இரண்டும் ஒரே அடிக்கோட்டிலிருந்து அளக்கப்பட்டவை. நடுவில் உள்ள இடைவெளிக்கு வண்ணம் தீட்டி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு முன்னால் வர்த்தகம் இங்கிலாந்துக்குப் பாதகம் என்றும், பின்னால் சாதகம் என்றும் படத்துக்குள்ளேயே எழுதி வைத்தார். எதை எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதில் அவர் வாசகரைத் தவிக்க விடவில்லை.

நைட்டிங்கேல் எழுதிய குறிப்பு

அடுத்த கட்டம் போர்க்களத்திலிருந்து வருகிறது. 1854 முதல் 1856 வரை கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம். இதை அரசாங்கத்துக்குப் புரிய வைக்க ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858 இல் வெளியிட்ட வட்ட வடிவப் படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு மாதத்துக்கு ஓர் ஆப்பு வடிவம், ஓராண்டுக்குப் பன்னிரண்டு. நோய்ச் சாவுக்கு நீலம், காயச் சாவுக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு.

இந்தப் படத்தை முதன்முறை பார்ப்பவர் மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை என்று நினைக்கக்கூடும். நடுவில் சிவப்பு, அதைத் தாண்டிக் கறுப்பு, அதைத் தாண்டி நீலம் என்றே கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அவர் அடுக்கவில்லை. மூன்று நிறங்களும் மையத்திலிருந்தே தொடங்குகின்றன. ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. நீலத்தின் அளவு வெளியே தெரியும் துண்டு மட்டுமல்ல, மையம் வரைக்கும் உள்ள முழு ஆப்பு. வெளியே தெரியும் துண்டை மட்டும் பார்த்தால் நோய்ச் சாவைக் குறைத்து மதிப்பிட நேரும். எந்தச் செய்திக்காக அவர் இத்தனை பாடுபட்டாரோ அதுவே மங்கிப்போகும்!

இந்த ஆபத்து நைட்டிங்கேலுக்குத் தெரிந்திருந்தது. அதனால் படத்துக்குக் கீழே, எல்லா நிறங்களும் மையத்தைப் பொது முனையாகக் கொண்டு அளக்கப்பட்டவை என்று தெளிவாக எழுதினார். இரண்டு நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்திப்போன மாதங்கள் எவை என்பதையும் தனியாகக் குறிப்பிட்டார். அதற்கு முன் அவர் பயன்படுத்திய வேறொரு வடிவில் மையத்திலிருந்து உள்ள தூரம்தான் எண்ணிக்கையைக் குறித்தது. கண் பார்ப்பதோ பரப்பை. அந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்துதான் பரப்பே எண்ணிக்கையைக் குறிக்கும் இந்த வடிவத்துக்கு அவர் வந்தார்.

மளிகைக் கடைக்காரரின் குழப்பமும் இதேதான், தலைகீழாக. அங்கே அடுக்காததை அடுக்கியதாக நினைக்கும் ஆபத்து. இங்கே அடுக்கியதை அடுக்காததாக நினைக்கும் ஆபத்து. 1858 இல் இருந்த கேள்வியும் இன்று இருக்கும் கேள்வியும் ஒன்றே: எங்கிருந்து அளப்பது?

நிழல் கொடுத்த எச்சரிக்கை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலும் ரயில்வே அலுவலகங்களிலும் வரைபடம் அன்றாடப் பொருளாகிவிட்டது. 1914 இல் வில்லார்டு பிரின்டன் என்ற பொறியாளர், தகவல்களைப் படமாகக் காட்டும் முறைகள் பற்றிப் பொது வாசகருக்காகப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். 1915 இல் அவர் தலைமையில் பல சங்கங்கள் சேர்ந்த ஒரு கூட்டுக் குழு, வரைபடம் வரைவதற்கான விதிகளை அறிக்கையாக வெளியிட்டது. கூடுமானவரை படத்தில் சுழிக் கோடு தெரிய வேண்டும் என்பது அந்த விதிகளில் முக்கியமானது. அளக்கத் தொடங்கும் இடம் எது என்று வாசகருக்குக் காட்டிவிட வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஒரு மொத்தம், அதன் பகுதிகள், இரண்டையும் காலப்போக்கில் காட்ட அடுக்குதல் நல்ல முறைதான். ஒரு நாட்டின் ஏற்றுமதி மொத்தம் எவ்வளவு, அதில் பருத்தி எவ்வளவு, தேயிலை எவ்வளவு என்று ஒரே பார்வையில் காட்டலாம். ஆனால் கையால் வரைந்த காலத்தில் வரைவாளர் அடுக்குகளை வெறும் கோடுகளாக விடுவது வழக்கமில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் உள்ளே நிழல் கொடுப்பார். ஒன்றுக்குச் சாய்கோடு, ஒன்றுக்குப் புள்ளி, ஒன்றுக்கு முழுக் கறுப்பு. பின்னாளில் இதற்காகவே கோடும் புள்ளியும் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் கடைகளில் கிடைத்தன. அளவுக்கு வெட்டி ஒட்டினால் போதும்.

அந்த நிழல் அலங்காரத்துக்கு மட்டும் வந்ததல்ல. "இங்கே கோட்டைப் பார்க்காதே, இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள பட்டையைப் பார்" என்று வாசகருக்குச் சொன்னது அதுதான். செங்கல் மேல் செங்கல் இருப்பது போல அடுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. நிழலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று கோடுகள். அவை பிளேஃபேரின் கோடுகளைப் போலவே இருக்கும், அவற்றின் அர்த்தம் மட்டும் வேறு.

விரிதாள் வந்த கதை

டேன் பிரிக்லின், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது கணினியில் ஓடும் கணக்குத் தாளைக் கற்பனை செய்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979 இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. வணிகவியல் மாணவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. விசிகால்க் கணக்குப் போடும், ஆனால் படம் போடாது. படத்துக்கு விசிபிளாட் என்ற தனி மென்பொருள் வேண்டும். அதை எழுதியவர் மிட்ச் கேப்பர்.

அதே கேப்பர் 1982 இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வெளிவந்தது. கணக்குத் தாள், வரைபடம், தரவுத்தளம் என்ற மூன்றும் ஒன்றாக இருப்பதால் அந்தப் பெயர். எண்ணை மாற்றினால் படமும் உடனே மாறியது அன்றைக்குப் பெரிய அதிசயம். அதன் முதல் பதிப்புகளில் ஐந்தே வகைப் படங்கள் இருந்தன: கோடு, பட்டை, எக்ஸ்-ஒய், அடுக்குப் பட்டை, வட்டம். கவனித்தால் ஒன்று தெரியும். அடுக்குதல் பட்டைக்கு மட்டும்தான் இருந்தது. கோட்டை அடுக்கும் வகை அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே கடைக்காரரின் மகன் கோடு போட்டிருந்தால் எண்ணெய் 20 இல்தான் நின்றிருக்கும்.

மைக்ரோசாஃப்டின் எக்செல் 1985 இல் மெக்கின்டாஷ் கணினிக்கும், 1987 இல் விண்டோஸுக்கும் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு படவகைகள் பெருகின. எக்செல் 97 இன் 'சார்ட் விஸார்ட்' திறந்தால், கோடு என்ற தலைப்பின் கீழேயே ஏழு உள்வகைகள் இருந்தன. சாதாரணக் கோடு, அடுக்கிய கோடு, 100 சதவீதத்துக்கு அடுக்கிய கோடு. இதே மூன்றும் புள்ளிக் குறிகளோடு. கடைசியில் ஒரு முப்பரிமாணக் கோடு. பட்டைக்கு எப்படித் தனி, அடுக்கு, சதவீத அடுக்கு என்று மூன்று உண்டோ, பரப்புக்கு எப்படி மூன்று உண்டோ, அதே வரிசை கோட்டுக்கும் வந்தது. பட்டியல் நிரம்பியது. பட்டைக்கும் பரப்புக்கும் உடம்பு இருப்பதால் அடுக்கியது கண்ணுக்குத் தெரியும், கோட்டுக்கு உடம்பு இல்லை என்ற வேறுபாடு அந்த ஒழுங்கான கட்டங்களுக்குள் மறைந்துபோனது.

எக்செல் 2007 இல் விஸார்ட் போய் ரிப்பன் வந்தது. அதிலும் சாதாரணக் கோட்டுக்கு அடுத்த கட்டத்திலேயே அடுக்கிய கோடு உட்கார்ந்திருந்தது. தபால்தலை அளவில் இருக்கும் இரண்டு சின்னப் படங்களும் அண்ணன் தம்பி போல இருக்கும். அவசரத்தில் கை தவறினால் போதும். கோப்புக்குள்ளே பார்த்தாலும் வித்தியாசம் மிகச் சிறியது. 2006 இல் தரநிலையான புதிய கோப்பு வடிவத்தில், 'குரூப்பிங்' என்ற இடத்தில் 'ஸ்டாண்டர்டு' என்று இருந்தால் சாதாரணக் கோடு, 'ஸ்டாக்டு' என்று இருந்தால் அடுக்கு. ஒரே ஒரு சொல் 20 ஐ 90 ஆக்கிவிடுகிறது.

இந்தச் சிக்கல் மைக்ரோசாஃப்டுக்குத் தெரியாததல்ல. அடுக்குக் கோடு எண்களைக் கூட்டும், அது விரும்பிய பலனாக இல்லாமல் போகலாம், அடுக்கியிருப்பது எளிதில் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே வேறு கோட்டு வகையையோ அடுக்குப் பரப்பையோ யோசிக்கலாம் என்று அந்நிறுவனத்தின் உதவிப் பக்கமே சொல்கிறது. நைட்டிங்கேல் தன் குறிப்பைப் படத்துக்குக் கீழேயே எழுதினார். இங்கே குறிப்பு உதவிப் பக்கத்தில் இருக்கிறது, படம் வேறு இடத்தில் இருக்கிறது!

கண் செய்யும் தவறு

அடுக்கியிருக்கிறது என்று தெரிந்தே பார்த்தாலும் முழுத் தெளிவு கிடைக்காது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரே அடிக்கோட்டிலிருந்து அளக்கும் உயரங்களை மனிதர்கள் நன்றாக ஒப்பிடுகிறார்கள். அடிக்கோடு வெவ்வேறாக இருந்தால், வெறும் நீளத்தை ஒப்பிடும்போது தவறு கூடுகிறது. அடுக்கு வரைபடத்தில் தட்டையான அடிக்கோடு இருப்பது முதல் அடுக்குக்கு மட்டுமே. மற்ற அடுக்குகளெல்லாம் ஆடும் தரையில் நிற்கின்றன.

1985 இல் வந்த தன் நூலில் கிளீவ்லாண்டு பிளேஃபேரின் ஒரு படத்தையே எடுத்துக் காட்டினார். இந்தியா அடங்கிய கிழக்கிந்தியப் பகுதியோடு இங்கிலாந்து நடத்திய வர்த்தகப் படம் அது. இறக்குமதிக் கோடும் ஏற்றுமதிக் கோடும் மேலும் கீழுமாகப் போகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகக் கழித்து வரைந்து பார்த்தால், 1760 ஐ ஒட்டி அது சட்டென்று உயர்ந்து இறங்குவது தெரிகிறது. மூலப் படத்தில் அது கண்ணில் படுவதே இல்லை. காரணம், இரண்டு வளைகோடுகளுக்கு நடுவே கண் அளப்பது மிகக் குறைந்த தூரத்தை. அளக்க வேண்டியதோ செங்குத்துத் தூரத்தை. கோடுகள் செங்குத்தாக ஏறும் இடத்தில் பட்டை மெலிந்தது போலத் தோன்றும்.

சரி, படம் தப்பாக வந்தால் என்ன செய்வது?

முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும். உச்சியில் உள்ள கோடு ஒரு மாதத்தில் காட்டும் மதிப்பு, அந்த மாதத்தின் எல்லா எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் அது அடுக்குக் கோடு. எக்செல்லில் படத்தின் மேல் வலது க்ளிக் செய்து, 'சேஞ்ச் சார்ட் டைப்' போய்ச் சாதாரணக் கோட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். லிப்ரே ஆஃபீஸில் 'ஸ்டாக் சீரிஸ்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். அட்டவணை எண்கள் எதுவும் மாறாது.

உச்சிக் கோடு ஆடாமல் அசையாமல் 100 இல் நேராகப் போனால், அது சதவீத அடுக்கு. இதில் இன்னொரு மயக்கம் உண்டு. மளிகைக் கடையில் மொத்த விற்பனை 90 இலிருந்து 70 க்கு இறங்கிய மாதத்தில், அரிசியின் பங்கு 44 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாக ஏறும். அரிசி விற்பனையோ அதே 40 ஆயிரம்தான்.

கோடுகள் எல்லாம் 2000 க்கு அருகே கூட்டமாக நின்றால், ஆண்டு என்ற பத்தியும் விற்பனைத் தொகை போலப் படத்துக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். 2001, 2002 என்ற எண்களை எக்செல் ஒரு சரக்காக எண்ணி அடியில் போட்டு, மற்றதை அதன் மேல் ஏற்றுகிறது. 'செலக்ட் டேட்டா'வில் அந்த வரிசையை நீக்கி, அதைக் கிடை அச்சின் பெயர்களாகக் கொடுக்க வேண்டும். அட்டவணையின் இடது மேல் மூலை அறையைக் காலியாக விட்டுப் படம் போட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

ஒரு கோடு காணாமலே போய்விட்டால் எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருக்கலாம். "ரூ. 20" என்றோ, முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இட்டோ தட்டச்சு செய்தால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது, படத்தில் சுழியாகப் போடும். அடுக்கில் சுழியைக் கூட்டினால் கோடு கீழே உள்ள கோட்டின் மேலேயே படிந்து மறைந்துவிடும். அறைக்குள் எண் இடது பக்கம் ஒட்டி நிற்பதும், மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிவதும் இதற்கு அடையாளம். எண்ணாக மாற்றினால் கோடு திரும்பி வரும்.

உச்சிக் கோடு கூட்டுத்தொகையைப் போல இரண்டு மடங்கு காட்டினால், 'மொத்தம்' என்ற பத்தியும் சேர்ந்து தேர்வாகியிருக்கிறது. 90 க்கு மேல் இன்னொரு 90 ஏறி 180 ஆகிவிடும். நஷ்டம் போன்ற எதிர்ம எண் இருந்தால் அடுக்குக் கோடு அதைக் கழித்துக் கீழே இறங்கி, அடியில் உள்ள கோட்டை வெட்டும். அடுக்குப் பட்டையில் எதிர்ம எண்கள் சுழிக்குக் கீழே தனியாக அடுக்கப்படும். கோட்டில் அந்த வசதி இல்லை. ஒரு வரிசை இரண்டாம் அச்சுக்குப் போயிருந்தால் அது முதல் கூட்டத்தோடு சேராமல் தனியாக அடுக்கப்படும். அப்போது கூட்டல் ஒத்துவராது. ரூபாயையும் கிலோவையும் ஒரே அடுக்கில் போட்டால் எந்தத் திருத்தமும் அதைக் காப்பாற்றாது. அந்தக் கூட்டலுக்கே பொருள் இல்லை.

மொத்தமும் வேண்டும், பகுதியும் வேண்டும் என்றால் அடுக்குப் பரப்போ அடுக்குப் பட்டையோ போடலாம். அதிலும் அடுக்கும் வரிசை முக்கியம். அதிகம் ஆடாத சரக்கை அடியிலும், அதிகம் ஆடுவதை உச்சியிலும் வைக்க வேண்டும். மளிகைக் கடையில் அரிசியை அடியிலும், எண்ணெயை அதன் மேலும், பருப்பை உச்சியிலும் வைத்தால் முதல் இரண்டும் 40 இலும் 60 இலும் தட்டையாக நிற்கும். மேலே பருப்பு மட்டும் 90 க்கும் 70 க்கும் இடையே ஆடும். எண் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இப்போது படம் பார்த்ததும் கடைக்காரர் கேட்பார்: "பருப்புக்கு என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகத்தான் பிளேஃபேர் தங்கக் காசுகளை மேசை மேல் அடுக்கிக் காட்டினார். ஒரு படத்தைப் போட்டவரும் பார்ப்பவரும் எண்களை ஒரே இடத்திலிருந்து அளந்தால் அந்தப் படம் உதவும். இல்லாவிட்டால், சரியான கணக்கை வைத்துக்கொண்டே தப்பான சரக்கை வாங்கிப் போட நேரிடும்.